நுனியைக் கிள்ளியது யார்?

ஏலப்பாறைக்கு மேலே ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்த சமயம். ஜேசிபி ஒதுங்கும்வரை எங்கள் பஸ்ஸை நிறுத்திவைத்திருந்தார்கள். நான் கல்லூரியில் கடைசி வருடம். மடியில் பை, பைக்குள் காலி டிபன் பாக்ஸ், மனசுக்குள் மறுநாள் பரீட்சை. அந்த வளைவில் ஒரு பாறை உண்டு. மழைக்காலம் முழுக்க அதில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் ரோஸ் நிறக் காட்டுக் காசித்தும்பை, மண்ணே இல்லாமல் பாறையோடு அப்பிக்கொண்டு பூத்திருக்கும். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து கண்ணில் படுகிற பாறை என்பதால் அதைப் பார்க்கிறோம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. ஜேசிபி அதன் மேல்தோலை ஒரே இழுப்பில் உரித்து டிப்பரில் போட்டது. பூவோடு போட்டது.

நான் ஏன் இறங்கினேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஓடிப்போய், டிப்பருக்குப் பின்னால் சிதறிக் கிடந்த பாசிக்கட்டி ஒன்றைச் செடியோடு அள்ளி டிபன் பாக்ஸில் வைத்து மூடிக்கொண்டு மறுபடி ஏறினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"எந்தா மோளே, பாக்ஸுல மீனா?"

"செடி."

"இந்தச் செடியா? இது ரோடு முழுக்க இருக்கே."

திரும்பிப் பார்த்தேன். பாறை வெள்ளையாக நின்றது.

"இருந்துச்சு" என்றேன்.

அந்த நிமிஷத்தில் நம் நாட்டுச் செடிச் சங்கம் பிறந்தது என்று பிற்பாடு மேடையிலெல்லாம் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்குத் தோன்றியது இதை வீட்டில் எங்கே வைப்பது என்பது மட்டும்தான். தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், எங்களுக்கு இருந்தது ஓர் அறையும் ஓர் அடுக்களையும். காசித்தும்பை அடுக்களைக் குழாயடியில் குடியேறியது. பக்கத்து வீட்டார் வந்து பார்த்தார்கள். "இதைப் போயா வளக்க?" என்று சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரமே அவர்களில் ஒருவர், ஓடைக்கரையில் மண்சரிந்து விழுந்த மரத்திலிருந்து ஒரு ஆர்க்கிட் கொத்தைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினார். இப்படித்தான் ஆரம்பம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கமிட்டி கேட்டது. எனக்குத் தொடுபுழாவில் வேலை கிடைத்துவிட்டது, நர்சரிப் பொறுப்பு உங்கள் கைக்கு வருகிறது. "ஓய்வுபெறும் செயலாளர் தன் அனுபவங்களைப் பகிர்கிறார்" என்று வாட்ஸாப் குரூப்பில் வேறு போட்டிருக்கிறார்கள். எனக்கு வயது இருபத்தாறு. ஓய்வுபெற்றவர்கள் மாதிரி தெளிவாகப் பேசலாம் என்று உட்கார்ந்தால், அந்தத் தெளிவு மட்டும் வரமாட்டேன் என்கிறது. விதையை எப்படி ஊறவைப்பது, பையில் எவ்வளவு மண், எவ்வளவு சாணப்பொடி என்பதெல்லாம் நர்சரிச் சுவரில் ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்ட முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த "நாட்டுச் செடி" சமாசாரம்.

சங்கம் தொடங்கின புதிதில், வீட்டுக்கு ஒரு செடி கொண்டுவாருங்கள் என்று அறிவித்தோம். லயத்துப் பெண்கள் தங்கள் வீட்டு வாசலில் பழைய பெயின்ட் டப்பாவில் வளர்த்த அருமையான செடிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டேலியா. ஹைட்ராஞ்சியா. கொத்துக்கொத்தாக ஜெரேனியம். நான் புதுப் பட்டதாரி, நாக்கு நிற்காது. ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது மெக்சிகோ, இது ஜப்பான், இது ஆப்பிரிக்கா" என்று தள்ளிவைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் லில்லி அத்தையின் முறை. இவரை உங்களுக்கு இப்போது தலைவியாகத் தெரியும். அன்றைக்கு அவர் வெறும் லில்லி அத்தை. கொழுந்து கிள்ளும் கூட்டத்தில் யூனியன்காரர்களையே வாயடைக்க வைத்தவர் என்று பெயர் எடுத்தவர். இடுப்பில் டேலியாச் சட்டியை இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி பிரின்சி, எங்க தாத்தா சங்கரன்கோயில் பக்கமிருந்து நடந்தே மலையேறி வந்தவரு. அப்ப நானும் நாட்டுச் செடி கிடையாதுல்லா? என்னையும் தள்ளி வையேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மலையைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை, அதற்கு நிழலுக்கு வைத்த சில்வர் ஓக், வேலிக்கு வந்த உண்ணிச்செடி, இதற்கு நடுவில் நாங்கள். இந்த மண்ணில் எது சொந்தம் என்று கோடு கிழிக்க நாங்கள் யார்? பதில் தெரியாததால் லில்லி அத்தையையே தலைவியாக்கினோம். இதைத் தந்திரம் என்று சிலர் சொல்கிறார்கள். குழப்பம் என்பதுதான் சரி. இன்றுவரை நம் சங்கத்தில் உள்ள விதி இதுதான்: யார் வேண்டுமானாலும் வரலாம், செடிக்குத்தான் சோதனை. இந்த விதி நியாயமா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

இனி நான் சொல்லவந்த விஷயம். இதில் ஒரு ஆடு இருக்கிறது. அந்த ஆட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் தூக்கம் வருவதில்லை.

எஸ்டேட் பூட்டி வருஷக்கணக்காகிவிட்டது உங்களுக்குத் தெரியும். வேலை செய்தவர்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெஷ் கட்டிடம் சும்மா கிடந்தது. அதன் முற்றத்தில்தான் நம் நர்சரி. தரையில் வரிசையாகப் பைகள்: நாவல், ஆற்றுவஞ்சி, சர்ச்சில் புகைபோட ஒரு காலத்தில் பிசின் எடுத்த குந்திரிக்க மரம். எல்லாம் ஓடைக்கரைக்கு. மழையில் சரிந்த ஓடைக்கரையில் இந்த மரங்களை நட நம் சங்கத்துக்கு அனுமதி கொடுக்கிறோம், அடுத்த மழை தொடங்கும்போது கன்றுகள் முழங்கால் உயரத்துக்காவது வந்திருக்க வேண்டும் என்று பஞ்சாயத்தில் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் கான்ட்ராக்டர் வெளிநாட்டு மரமான அக்கேசியாவை நடுவார்.

சனிக்கிழமைதோறும் தண்ணீர் ஊற்றவும் களை எடுக்கவும் கூடுவோம். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க மலைச்சரிவில் கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள். முழங்கால் தேய்ந்துவிட்டது. தரையில் இருக்கும் பைக்குக் குனிந்தால் நிமிர்த்திவிட இன்னொருவர் வேண்டும். ஆள் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றினால் அன்றைக்கே செய்தாக வேண்டும். மூங்கில் வெட்டிவந்து, இடுப்பு உயரத்துக்குத் தட்டிகள் கட்டி, பைகளையெல்லாம் அதன்மேல் ஏற்றினோம். இடையில் நடக்கப் பாதை. ஒரே வாரத்தில் கூட்டம் திரும்பி வந்துவிட்டது.

"இப்பந்தாண்டீ வேல செய்த மாதிரி இருக்கு" என்றார் லில்லி அத்தை, இரண்டு கையாலும் செடிகளை விலக்கிப் பார்த்துக்கொண்டு.

கொஞ்ச நாளில் செடிகளின் நுனி காணாமல்போக ஆரம்பித்தது.

முதலில் ஒன்றிரண்டு நாவல். துளிர் வந்திருந்த இடத்தில் துளிர் இல்லை. அப்புறம் ஆற்றுவஞ்சி, குந்திரிக்கம். வேர் இருக்கிறது, தண்டு இருக்கிறது, கீழ் இலைகள் பளபளவென்று இருக்கின்றன. உச்சி மட்டும் இல்லை. நான் தாவரவியல் படித்தவள் அல்லவா, உடனே கண்டுபிடித்துவிட்டேன்: வெட்டுக்கிளி. வேப்பங்கொட்டைச் சாறு அடித்தோம். நிற்கவில்லை. அப்படியென்றால் மிளா, காட்டிலிருந்து மான் இறங்குகிறது. பழைய சேலைகளைக் கிழித்துச் சுற்றி வேலி கட்டினோம். நிற்கவில்லை. முயல் என்றேன். முயல் எப்படியடி தட்டிமேல் ஏறும் என்று கேட்டார்கள். அணில் என்றேன். ஒவ்வொரு வாரமும் எனக்கு ஒரு புதுப் பிராணி கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் உறுதியாக வாதாடினேன்.

பஞ்சாயத்து மெம்பர் பார்வையிட வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. மலையாளி, நல்ல மனிதர், எங்களோடு பேசும்போது பாதி தமிழில் பேசுவார். நுழைந்ததும் ஒரு தட்டியிலிருந்து மறு தட்டிவரை பார்த்தார். எல்லாச் செடியும் ஒரே மட்டத்தில், உச்சி இல்லாமல், பக்கத்துக் கிளை விட்டு, புதர் புதராக நின்றன.

"இதெந்தா, தேயிலயோ?" என்றார்.

நாங்கள் அவமானத்தில் நின்றோம். அவர் கேட்டதை ஒருவர்கூட யோசித்துப் பார்க்கவில்லை. "முழங்கால் உயரம்னு சொன்னதா. இது இப்படியே இருந்தா மழைக்கு முன்னாடி அந்த உயரம் எத்தாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கேசியாக்காரரின் பெயரையும் போகிற போக்கில் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் கூட்டம். சங்கம் தொடங்கியதிலிருந்து அப்படியொரு கூட்டம் நடந்ததில்லை. எல்லாரும் கோபமாக இருந்தார்கள், யார்மேல் கோபம் என்று மட்டும் தெரியவில்லை. அப்போது யாரோ ஞானம்மா சித்தியின் ஆட்டைச் சொன்னார்கள். அவ்வளவுதான். கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது.

ஞானம்மா சித்தியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், இப்போது அவர் வருவதில்லை. கிரெஷுக்குப் பின்பக்க லயத்தில் தனியாக இருக்கிறார். சங்கத்தில் முதல் நாளிலிருந்து இருந்தவர், விழுந்த மரத்திலிருந்து ஆர்க்கிட் கழற்றிக்கொண்டு வந்தார் ஒருவர் என்று சொன்னேனே, அவர்தான். எஸ்டேட் பூட்டிய பிறகு ஆடு வளர்க்கிறார். பால், குட்டி, அதில்தான் சாப்பாடு. அப்போது கையில் இருந்தது ஒரு செவலை ஆடும் ஒரு கிடாக்குட்டியும். செவலை சினையாக இருந்தது. அதற்குக் கயிறு அவிழ்க்கத் தெரியும் என்று லயம் முழுக்கப் பேர். ஒருநாள் உபதேசியார் வீட்டுக் கொடியிலிருந்து அங்கியை மென்றிருக்கிறது.

"ஞானம், சங்கடப்படாத. ஒண்ணு செடி இருக்கணும், இல்ல ஆடு இருக்கணும்" என்றார் லில்லி அத்தை.

"மதினி, எங்க ஆடு தின்னா பையோட சேத்துத் தின்னும். நுனிய மட்டும் கிள்ளி ருசி பாக்க அது என்ன தேயில ஃபாக்டரித் துரையா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததும் கூட்டத்துக்கு இன்னும் கோபம் வந்தது. சிரிக்க வைத்ததற்காக அவர்மேல் வந்தது.

"கிண்டலு பண்ணுதியா? கரை போச்சுன்னா மழைக்கு முதல்ல உருளுதது எங்க லயம்."

"எனக்கும் அதே மலைதான, மதினி. நான் என்ன கொச்சியிலயா இருக்கேன்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளர், படித்தவள், சொல்லு. என் கையில் ஒரு துருப்பு இருந்தது. இடையில் ஒரு வாரம் அடைமழை. அந்த வாரம் ஒரு நுனிகூடப் போகவில்லை என்பதைக் கவனித்திருந்தேன். மழையில் ஆடுகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஆகவே ஆடுதான் என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, கடைசியில் ஒரு காரணத்தோடு பேசுகிறேன் என்று.

ஞானம்மா சித்தி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "சரி மக்கா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வாரம் பார்ப்போம், அதுவரை ஆட்டை உள்ளேயே கட்டட்டும், அப்புறம் முடிவெடுப்போம் என்று தீர்மானித்துக் கலைந்தோம். ஆனால் அவர் அந்த ஒரு வாரத்துக்குக் காத்திருக்கவில்லை. வாரத்தின் நடுவிலேயே, கம்பத்திலிருந்து மலையேறி வரும் ஆட்டு வியாபாரியிடம் செவலையைக் கொடுத்துவிட்டார். நாங்கள் சொல்லி விற்றதாக இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். ஜீப்பில் ஏற்றும்போது அது கத்தின சத்தம் கிரெஷ் வரைக்கும் கேட்டது என்றார்கள்.

அடுத்த ஞாயிறு மறுபடி கூட்டம். ஞானம்மா சித்தியும் வந்திருந்தார், தூணோரம் நின்றார். முந்தின நாள்தான் எல்லாரும் சேர்ந்து தண்ணீர் ஊற்றியிருந்தோம். வந்து பார்த்தால் மறுபடியும் நுனிகள் போயிருந்தன. அதுவும் பாதையோரம் நிறைய. செவலையோ மலையிறங்கிப் போயாயிற்று.

"கிடாக்குட்டி இருக்குல்லா" என்றது ஒரு குரல்.

லில்லி அத்தை தட்டிகளுக்கு நடுவில் நின்று பேச ஆரம்பித்தார். நல்ல பேச்சாளி. கரையைப் பற்றி, மழையைப் பற்றி, ஒற்றுமையைப் பற்றி. பேசிக்கொண்டே நடந்தார். வலது கை ஒரு நாவல் செடியின் மேல் போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன. சுண்டி ஓர் இழுப்பு. இரண்டு இலையும் குருத்தும் தனியாக வந்தன. கை தோளுக்கு மேல் போய், முதுகுப்பக்கம், கூடை இருக்க வேண்டிய இடத்தில் அதைப் போட்டது. கூடை இல்லை. தளிர் தரையில் விழுந்தது. அத்தை அடுத்த செடிக்குப் போனார். பேச்சு நிற்கவில்லை.

கீழே கிடந்த தளிரைக் குனிந்து பார்த்தேன்.

அடைமழை வாரம் ஆடு வரவில்லை, சரி. நாங்களும்தானே வரவில்லை. இரண்டும் ஒன்றாக நின்றிருக்கின்றன, நான் ஒன்றை மட்டும் பார்த்திருக்கிறேன். தரையில் பைகள் இருந்தவரை ஒரு நுனியும் போகவில்லை. இடுப்பு உயரத்துக்கு ஏற்றினோம். அது கவாத்து வெட்டி மட்டமாக நிறுத்திய தேயிலையின் உயரம். நடுவில் பாதை, இரண்டு பக்கமும் துளிர். இந்தக் கைகளுக்கு முன்னால் அப்படியொரு தோட்டத்தை நிறுத்திவைத்தால் அவை என்ன செய்யும்? எஸ்டேட்டில் கொழுந்து வெட்டக் கத்திரி வந்தது, பிறகு எஸ்டேட்டே பூட்டியாயிற்று, கைக்கு அது தெரியவில்லை.

நீங்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். விஷயம் தெரிந்துவிட்டது, சொல்லியாக வேண்டும். சொன்னால் கூட்டத்தின் முன்னால் தலைவியின் முகம் என்ன ஆகும்? அவர் போனால் பாதிச் சங்கம் அவரோடு போகும். சொல்லாவிட்டால் கிடாக்குட்டியும் கம்பத்துக்குப் போகும். யோசிக்க நேரம் கிடையாது, அவர் மூன்றாவது தட்டிக்கு வந்துவிட்டார். என் வாயிலிருந்து வந்தது எனக்கே தெரியாமல் வந்தது.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க! யாரும் கைய அசைக்காதீங்க. கைய விரிங்க."

"என்னட்டி, ஜெபமா?" என்றார் ஒருவர்.

"விரிங்க அத்தை. எல்லாரும்."

விரித்தார்கள். நாலைந்து பேர் கையில் அப்போதுதான் கிள்ளிய தளிர் இருந்தது. மற்றவர்களுக்கு நகத்திடுக்கில் பச்சை. என் அம்மா உள்ளங்கையில் ஆற்றுவஞ்சிக் குருத்து ஒன்று அழகாகப் படுத்திருந்தது. அம்மா அதை யாரோ வைத்துவிட்டதுபோலப் பார்த்தார். லில்லி அத்தை தன் விரல்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தரையைப் பார்த்தார். தான் வந்த பாதை முழுக்கச் சிதறிக் கிடந்த தளிர்களைப் பார்த்தார்.

"யேசப்பா" என்றார்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. தொடங்கியதும் நிற்கவே இல்லை. ஒருவர் தட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஒருவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இவ்வளவுக்கும் எடைகூட போடலியே!" என்று ஒரு குரல். "கங்காணி இல்லாம என்ன சுத்தமாக் கிள்ளியிருக்கோம் பாரு!" என்று இன்னொன்று. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் தூணோரம் பார்த்தேன். ஞானம்மா சித்தியின் கை மட்டும் மூடியிருந்தது.

"சித்தி" என்றேன்.

மெதுவாக விரித்தார். நாவல் தளிர். இரண்டு இலை, ஒரு குருத்து. தூண் பக்கத்தில் இருந்த தட்டியிலிருந்து, லில்லி அத்தை பேசப் பேச, அவருடைய கையும் தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

அவரும் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார், பல் தெரியச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப நானே கிள்ளிட்டு, செவலைய நானே குடுத்துட்டேன்" என்றார்.

இதிலிருந்து என்ன பாடம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் எத்தனையோ தடவை உட்கார்ந்து யோசித்துவிட்டேன். ஒருவரைக் குற்றம் சொல்லும் முன் உன் கையைப் பார் என்று எழுதலாம், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கையைப் பார்த்தாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. மனசு செய்யாததைக் கை செய்திருக்கிறது. என் கை மட்டும் அன்றைக்குச் சுத்தமாக இருந்தது. அதற்குக் காரணம் நான் நல்லவள் என்பதல்ல, என்னை ஒருநாளும் கொழுந்து கிள்ள விடவில்லை, படிக்க அனுப்பிவிட்டார்கள். கிள்ளாத கை வைத்திருந்தவள்தான் ஆட்டின்மேல் பழியைக் காரணத்தோடு போட்டவள். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்குச் சரியாகப் பொருந்தவில்லை.

தட்டிகளை என்ன செய்வது என்பதே பெரிய குழப்பம். தரைக்கு இறக்கினால் முழங்கால்காரர்கள் வரமாட்டார்கள். இடுப்பிலேயே வைத்தால் நுனி நிற்காது. கையுறை போட்டுப் பார்த்தோம், மழையில் வழுக்குகிறது என்று கழற்றிப் போட்டுவிட்டார்கள். நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினோம், தண்ணீர் ஊற்றக் கை எட்டவில்லை. இப்போது இருப்பது லில்லி அத்தையின் ஏற்பாடு. ஒரு கையில் குவளை, மறு கையில் கம்பு. இரண்டு கையும் நிறைந்திருந்தால் கிள்ளாது. களை எடுக்கும் நாளில் என்ன செய்வது என்று இன்னும் தீர்மானம் ஆகவில்லை. அது உங்கள் பாடு.

மெம்பரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னோம். அவர் டீயைத் துப்பிவிடும் அளவுக்குச் சிரித்து, பாதிக் கரையை நமக்கு விட்டார். மறு பாதியில் அக்கேசியா வந்துவிட்டது. நம் பாதியில் கிள்ளிய கன்றுகளைத்தான் நட்டோம், வேறு இல்லை. இதில் இன்னொரு குழப்பம்: கிள்ளிய நாவல் அடர்ந்து புதராகி மண்ணை நன்றாகவே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒற்றைத் தண்டாக வளர்ந்திருந்தால் இப்படிப் பிடித்திருக்குமா, தெரியாது. குந்திரிக்கமோ கிள்ளிய இடத்தில் அப்படியே நின்றுவிட்டது, பக்கக் கிளையும் இல்லை, மேலும் போகவில்லை. என் பழைய பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன், பொறுத்துப் பாருங்கள் என்றார். ஆகவே கிள்ளாதீர்கள் என்றும் உங்களிடம் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, கிள்ளுங்கள் என்றும் சொல்ல முடியவில்லை. வரும் மழையில் பாதி கிள்ளியது, பாதி கிள்ளாதது என்று அடுத்தடுத்து நட்டுப் பாருங்கள். எது எது என்று கம்பு நட்டு வையுங்கள். முடிவு எனக்கும் சொல்லுங்கள்.

ஞானம்மா சித்தி அதன்பிறகு நர்சரிக்கு வரவில்லை. கோபம் இல்லை என்கிறார். வழியில் பார்த்தால் பேசுகிறார், சாயா குடிச்சியா என்று கேட்கிறார். கமிட்டி சார்பில் மன்னிப்பு கேட்கப் போனோம். "எதுக்கு மக்கா? நானும்தான கிள்ளினேன்" என்று அனுப்பிவிட்டார். வேறு ஆடு வாங்கித் தருகிறோம் என்றோம். "வேற ஆடு வேற ஆடுதானே" என்றார்.

லில்லி அத்தைதான் விடவில்லை. சந்தை நாளில் குமுளிக்குப் போய் அந்த வியாபாரியைத் தேடிப்பிடித்து விசாரித்துவிட்டு வந்தார். செவலையை வெட்டவில்லை. சினையாக இருந்ததால், கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருக்கு விற்றிருக்கிறார். தோட்டத்துக்கு வழியும் சொல்லியிருக்கிறார். கையில் இருந்ததை எல்லாரும் போட்டுச் சேர்த்திருக்கிறோம், தோட்டக்காரர் கேட்கும் விலைக்குக் காணுமா தெரியாது. குறைந்தால் வேலியோரம் வைக்க மரக்கன்று தருகிறோம் என்று பேசிப் பார்க்கலாம் என்றார் அத்தை. எனக்கு உடனே பழைய புத்தி வந்துவிட்டது.

"அத்தை, நம்ம மலைச்செடி அந்த வெயிலுக்கு ஆகாது. அந்த ஊருக்கு அது நாட்டுச் செடியும் கிடையாது."

"நாவல் அங்கயும் உண்டுல்லாட்டி, நான் பாத்திருக்கேன். ஆட்டுக்கு மாத்தா குடுக்கதுக்கு அது போதும். ரொம்பப் படிக்காத."

நாட்டுச் செடி வளர்க்கும் சங்கம் ஆடு மீட்கப் போகிறது என்பதைப் பதிவேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தலைப்பை விட்டுவிட்டேன், நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் தொடுபுழாவுக்குக் கிளம்பும் முன், இந்த வெள்ளிக்கிழமை போகிறோம். ஜீப் சொல்லியாயிற்று. ஞானம்மா சித்தியிடம் போய்ச் சொன்னோம். கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்குள்ள குட்டி போட்டிருக்கும். தாய மட்டும் தருவேம்பாரோ, குட்டிய மட்டும் தருவேம்பாரோ, அங்கன போயி நீங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது. என்ன செய்யணும்னு நான் பாத்துக்கிடுதேன்." சரி என்றோம். முன்சீட்டு அவருக்கு.

அந்தத் தோட்டக்காரர் எப்படிப்பட்டவர், தருவாரா, அவ்வளவு தூரம் போய் வெறும் கையோடு வந்தால் இவரை எப்படி வீட்டில் இறக்கிவிடுவது என்பதெல்லாம் எங்களில் யாருக்கும் தெரியாது. நேற்று அவர் வீட்டு வழியாக வந்தேன். வாசலில் உட்கார்ந்து தேங்காய் நாரில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். ஒரு நீளக் கயிறு முடிந்து பக்கத்தில் கிடந்தது. மடியில் இருந்தது சின்னது, குட்டிக் கழுத்துக்கு ஆகிற அளவு.